ஒரு சொல், நான்கு பனி: மதுரையிலிருந்து குழந்தையுடன் வடக்கே செல்லும் பனிக்காலச் சாலை

தமிழில் ‘பனி’ என்னும் ஒரே சொல், மார்கழி விடியலில் வைகைக் கரைப் புல்லின் மேல் நிற்கும் நீர்த்துளியையும், அதே விடியலில் திருப்பரங்குன்றத்து மலையடியை மறைக்கும் புகைபோன்ற மூட்டத்தையும், இமயமலையில் பஞ்சாக விழுந்து குவியும் வெண்துகளையும், அத்துகள் சக்கரங்களுக்கு அடியில் நசுங்கிச் சாலையோடு சாலையாக இறுகிப்போகும் கண்ணாடிப் படலத்தையும் குறிக்கிறது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த தமிழ் மரபு மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் வகுத்தபோது, அது மனத்தில் கொண்டது பெரும்பாலும் முதல் இரண்டு பனிகளையே. ஜனவரி விடியலிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்கு அண்மையிலேயே நிற்கும் மதுரைச் சமவெளியில் நீர் உறைவதைக் காண வீட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த ஊர்க் குடும்பங்கள் அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலும் பொங்கலை ஒட்டியும் குழந்தைகளுடன் காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம் போன்ற வட பகுதிகளுக்குச் செல்வது கடந்த சில ஆண்டுகளில் பரவலாகியிருக்கிறது. அவ்வகைப் பயணம் எந்த அளவுக்கு இயலக்கூடியது, அதன் இடர்கள் எங்கே இருக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பயணிகள் மூன்றாவது பனிக்காக, அதாவது வானிலிருந்து விழும் வெண்பனிக்காக ஆயத்தமாகிறார்கள். அவர்களுக்கு ஊறு விளையக்கூடிய இடங்களோ பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும், குளிருக்கு அஞ்சி இறுக அடைத்த அறைக்குள்ளும் இருக்கின்றன.

பயணத்தின் முதுகெலும்பான சாலை மதுரையின் வாசலிலேயே கிடக்கிறது. வாடிப்பட்டி, சமயநல்லூர் வழியாக வந்து மதுரையின் மேற்கு ஓரத்தைத் தொட்டுக் கப்பலூர், திருமங்கலம் நோக்கி இறங்கும் நான்கு வழிச்சாலை, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஒரு பகுதியாகும். 2010-இல் நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு எண்கள் மாற்றியமைக்கப்படும்வரை இது வாரணாசி–கன்னியாகுமரித் தடமான 7-ஆம் எண் நெடுஞ்சாலையாக இருந்தது. மூத்த ஓட்டுநர்கள் இன்றும் அதை அந்தப் பழைய எண்ணாலேயே சுட்டுவதுண்டு. வடக்கு நோக்கிய பயணத்துக்கு இங்கே அதைவிட நீண்ட நினைவும் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து, வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்கள் எழுப்பினார் என்பது வரலாறு. மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள சத்திரம் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. அவருக்குப் பிந்திய காலத்தில், 1830-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி, போய்த் திரும்ப ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் எடுத்துக்கொண்டார். அக்காலப் பயணி பருவத்துக்கு ஏற்ப நடையை மாற்றினார், மழைக்கும் குளிருக்கும் ஓரிடத்தில் தங்கினார். இன்றைய பயணி தன் பயணத்தைப் பள்ளி நாள்காட்டிக்குள் அடக்க வேண்டியிருக்கிறது.

அந்த நாள்காட்டியே முதல் தடை. மதுரையிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், டில்லி, ஜம்மு வழியாக ஸ்ரீநகர் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். மணாலி 3,100 கிலோமீட்டர் அளவில் வரும். குழந்தையுடன் செல்பவர் நாளுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதிருப்பதே அறிவுடைமை என்று கொண்டால், ஒரு வழிக்கே ஏழு நாள்கள் வேண்டும். அரையாண்டு விடுமுறையோ ஒன்பது பத்து நாள்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே மதுரை வீட்டு வாசலில் காரை எடுத்துப் பனிமலையைத் தொட்டுத் திரும்புவது என்பது, இரவு பகலாக ஓட்டினால் அன்றி, கணக்கிலேயே நிற்காது. இரவு பகலாக ஓட்டுவதைத்தான் இந்தப் பருவமும் இந்தச் சாலையும் சிறிதும் பொறுத்துக்கொள்வதில்லை. இத்தடத்தைக் குளிர்காலத்தில் உண்மையாகவே அறிந்த தமிழர் எனச் சொல்லத்தக்கவர் சரக்கு லாரி ஓட்டுநர்களே. மாட்டுத்தாவணிப் பழச்சந்தையில் காஷ்மீர் ஆப்பிளின் விலை ஏறும்போது, அதன் காரணம் சில வேளைகளில் ஜம்மு–ஸ்ரீநகர்ச் சாலையில் ஏதோ ஒரு மலைச்சரிவின் அடியில் வரிசையாக நிற்கும் லாரிகளாக இருக்கும். சாலை எப்போது திறக்கும் என்று காத்திருப்பது அவர்களுடைய தொழிலின் ஒரு பகுதி. எட்டு வயதுக் குழந்தையின் இயல்பில் அது கிடையாது.

இனி இரண்டாவது பனி. மூடுபனி என்பது தரையை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நுண்துளிகளாகத் தொங்கும் நிலை. மதுரையில் அது சூரியன் ஏறும்போதே கலைந்துவிடும் மெல்லிய திரை. கங்கைச் சமவெளியிலோ டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி முழுவதும் அது நாள்கணக்கில் நிலைக்கக்கூடிய சுவர். நிலநடுக்கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ எனப்படும் தாழ்வழுத்த அலைகள் வட இந்தியாவில் மழையைத் தூவிச் சென்றபின் வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது. நீண்ட இரவில் பாசன ஈரம் மிகுந்த நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர, அதன் மேலுள்ள காற்று மூட்டமாக இறுகுகிறது. அதில் புகையும் தூசியும் சேர்ந்தால் பகலிலும் அது கலைவதில்லை. வடகிழக்குப் பருவமழையை மட்டுமே குளிர்கால மழையாக அறிந்த மதுரைக்காரருக்கு இந்த அமைப்பு புதியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை, கண்ணுக்குத் தெரியும் தொலைவு 50 மீட்டருக்கும் கீழே போனால் அதை மிக அடர்ந்த மூடுபனி என வகைப்படுத்துகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. எனவே முன்னே நிற்கும் டிராக்டர் கண்ணில் பட்டதற்கும் அதன்மீது மோதுவதற்கும் இடையே இரண்டு நொடிக்குச் சற்றே அதிகமான அவகாசம்தான் உண்டு. ஒரு வாகனம் மோதி நின்றால் பின்னால் வருபவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் தொடர் விபத்துகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தியாவதற்கு இதுவே காரணம். டில்லிப் பக்கத்தையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனை விரைவுச்சாலையில் இந்த மாதங்களுக்கென்றே வேக வரம்பைக் குறைத்து அறிவிக்கிறார்கள்.

இந்த ஆபத்து எவ்விதப் புகைப்படத்திலும் அழகாக வருவதில்லை. அதனாலேயே பயணத் திட்டங்களில் அதற்கு இடமும் இல்லை. குழந்தைக்குக் கம்பளிக் குல்லாவும் கையுறையும் தேடிக் கடை கடையாக ஏறுபவர்கள், குவாலியரிலிருந்து டில்லிவரை விடியலுக்கு முன் ஓட்டலாமா என்ற கேள்வியை எழுப்புவதே இல்லை. அதற்கு விடை எளிது: காலை பத்து மணிக்கு முன்பும் மாலை இருட்டிய பின்பும் அப்பகுதியில் ஓட்டக்கூடாது. அவ்வாறு விலக்கிவைத்தால் எஞ்சும் ஓட்டுநேரம் ஏழெட்டு மணி மட்டுமே. மேலே சொன்ன நாள்கணக்கு இன்னும் நீளும். ஆகையால் சமவெளியைத் தண்டவாளத்தில் கடந்து, மலையை மட்டும் சாலையில் ஏறுவதே குழந்தையுள்ள குடும்பத்துக்குப் பொருந்தும் வழியாகத் தோன்றுகிறது. மதுரை வழியாக ஹஸ்ரத் நிஜாமுதீன் செல்லும் திருக்குறள் விரைவு வண்டியும், மதுரையிலிருந்தே சண்டிகர் செல்லும் வண்டியும் இதற்கு உதவுகின்றன. மூடுபனியில் இரயிலும் பல மணி நேரம் பிந்தும். ஆனால் பிந்தும் இரயிலில் குழந்தை படுத்துறங்கலாம். இதில் இழப்பும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் சிவனிக்கும் நாக்பூருக்கும் இடையே பெஞ்ச் காட்டின் ஊடாகச் செல்லும்போது, புலியும் மானும் அடியில் கடந்துபோகும்படி நெடுஞ்சாலையையே தூண்கள்மேல் தூக்கிக் கட்டியிருக்கும் இடங்களைக் காரில் செல்லும் குழந்தைக்குத்தான் காட்ட முடியும்.

மலைக்குள் கடந்த பத்தாண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. ஜம்மு–ஸ்ரீநகர்ச் சாலையில் 1956-இல் திறந்த ஜவாஹர் சுரங்கம் ஒன்றே நெடுங்காலம் பனிக்கால வாயிலாக இருந்தது. 2017 ஏப்ரலில் 9.2 கிலோமீட்டர் நீளமுள்ள செனானி–நாஷ்ரிச் சுரங்கமும், 2021-இல் ஏறத்தாழ எட்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பனிஹால்–காஸிகுண்ட் சுரங்கமும் போக்குவரத்துக்கு வந்தபின் பனி அதிகம் விழும் உச்சிகளை அடியிலேயே கடக்க முடிகிறது. இமாச்சலத்தில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. அதுவரை ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பற்றிருந்த லாஹௌல் பள்ளத்தாக்கு, மணாலியிலிருந்து காலையில் சென்று மாலையில் திரும்பும் இடமாகிவிட்டது. 2025 ஜனவரி 13 அன்று திறந்த சோனமார்க் சுரங்கம், குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த சோனமார்க்கையும் அவ்வாறே திறந்துவிட்டது. அதற்கு அப்பாலுள்ள ஜோஜிலா கணவாயும், மணாலி–லே சாலையின் பாரலாச்சா கணவாயும் இன்னும் பனியின் ஆட்சியில்தான் இருக்கின்றன. ஆகவே நடுக்குளிரில் லடாக்குக்குக் காரில் போகலாம் என்று யாரேனும் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு விமானச் சீட்டு பார்ப்பதே தகும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் பாதுகாப்புக் காரணத்தால் மூடப்பட்டன என்பதால், வானிலையோடு நிர்வாக அறிவிப்பையும் அன்றன்று பார்த்தாக வேண்டும்.

சுரங்கம் தொலைவைச் சுருக்கியது, பனியைக் குறைக்கவில்லை. எளிதான வழி பெருங்கூட்டத்தை அழைக்கிறது, அக்கூட்டம் ஒரே வாரத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில், மதுரைப் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் அதே நாள்களில் வந்து சேர்கிறது. 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் சோலாங் பள்ளத்தாக்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் இடையே திடீர்ப் பனிப்பொழிவில் ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் சிக்கின. ஆயிரக்கணக்கான பயணிகளைக் காவல்துறையினர் மீட்க வேண்டியிருந்தது. இங்குதான் நான்காவது பனி வருகிறது. பகலில் உருகிய பனிநீர் மாலையில் மீண்டும் உறைந்து சாலையின் கருமை தெரியும்படி மெல்லிய படலமாகப் படிவதைக் கரும்பனி எனலாம்; அது ஈரச் சாலைபோல் தோன்றுவதால், ஈரச் சாலையை மட்டுமே அறிந்த தென்னாட்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார், வண்டி பக்கவாட்டில் வழுக்குகிறது. சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றுவது, இரண்டாம் கியரில் இழுத்து இறங்குவது, பிரேக்கைத் தொடாமலிருப்பது ஆகியவை கைப்பழக்கத்தால் வருபவை. பயணத்தின் நடுவே கற்றுக்கொள்ளத் தக்கவை அல்ல. குல்மார்க் ஏறும் வழியில் தங்மார்கில், பனி விழும் நாள்களில் சமவெளி வண்டிகளை நிறுத்திச் சங்கிலி பூட்டிய உள்ளூர் வண்டிகளுக்கு மாறச் சொல்லும் ஏற்பாட்டைப் பலர் கொள்ளையாகவே பார்க்கிறார்கள். வாடகையைப் பேரம் பேசலாம். மாறுவதில் பேரம் கூடாது.

வண்டியின் உடம்பும் தென்னாட்டு உடம்பே. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரையே ஊற்றிப் பழகிய வண்டியில் அந்நீர் உறைந்தால் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து என்ஜினையே பிளந்துவிடும். உறைநிலையைத் தாழ்த்தும் கிளைக்கால் கலந்த குளிர்விப்பு நீர் அதற்குத் தேவை. சமவெளியில் நிரப்பிய டீசலில் உள்ள மெழுகுத் தன்மையுள்ள பகுதி கடுங்குளிரில் கட்டியாகி வடிகட்டியை அடைக்கும். இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்காகச் சுழியத்துக்குக் கீழே 33 பாகையிலும் ஓடும் தனி வகை டீசலை 2019 நவம்பரில் வெளியிட்டது இக்காரணத்தால்தான்.

உயரம் பற்றி மதுரையில் ஒரு தவறான ஒப்பீடு நிலவுகிறது. கொடைக்கானல் சென்று வந்த குழந்தைக்கு மலை பழக்கம் என்று சொல்வார்கள். கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். அது மணாலிக்கு நிகர், ஸ்ரீநகரைவிட 500 மீட்டர் அதிகம். ஆகவே உயரத்தைப் பொறுத்தவரை அந்த ஒப்பீடு ஓரளவு சரிதான். குளிரைப் பொறுத்தவரைதான் அது ஏமாற்றுகிறது. பத்துப் பாகை அகலாங்கில் உள்ள மலையும் 34 பாகையில் உள்ள பள்ளத்தாக்கும் ஒரே சூரியனைப் பெறுவதில்லை. டிசம்பர் இறுதியில் மதுரையில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஸ்ரீநகரில் பத்து மணிக்கும் குறைவு. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்று தனிப் பெயரிட்டு அழைக்கிறார்கள். தமிழகப் பள்ளி விடுமுறை சரியாக அதன் வாயிலில் விழுகிறது. உயரத்தால் வரும் நோய்க்கான எல்லை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தொடங்குகிறது. காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி குறைகிறது. 3,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. பெரியவர் தலைவலி என்று சொல்வார்; மூன்று வயதுக் குழந்தை சொல்லாது, சோறு வேண்டாம் என்னும், சிணுங்கும், உறங்காது, விளையாடாது. இவற்றைப் பயணக் களைப்பு என்றோ கண்ணேறு என்றோ தள்ளிவிடாமல் உயரத்தின் அறிகுறியாகவே முதலில் கொள்ள வேண்டும். அதற்குரிய முதல் மருந்து கீழே இறங்குவது. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. ஸ்ரீநகரில் காலை உணவை முடித்து, குல்மார்க் தொங்கூர்தியில் ஏறி, நண்பகலுக்குள் ஏறத்தாழ 3,950 மீட்டரில் இறங்கும் குழந்தை ஒரே காலையில் 2,300 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. அங்கே உறங்குவதில்லை என்பதால் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆயினும் சளியும் இருமலும் உள்ள குழந்தைக்குத் தொங்கூர்தியின் முதல் நிலையோடு நிறுத்திக்கொள்வதால் பனி குறைந்துவிடாது.

அறைக்குள் உள்ள ஆபத்தைப் பற்றித் தமிழ் வழிகாட்டிகள் சொல்வது மிகக் குறைவு. மலைவீடுகளில் விறகு எரியும் ‘புகாரி’ என்னும் இரும்படுப்பும், காஷ்மீரில் கரித்துண்டு நிரப்பிப் பிரம்புக் கூடையில் ஏந்தும் ‘காங்கிரி’ என்னும் கணப்புச் சட்டியும் அறையைச் சூடாக்குகின்றன. கரி முழுமையாக எரியாதபோது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது; இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வது. உறங்குபவரை அது எழுப்புவதில்லை. சன்னலில் ஒரு விரற்கடை திறந்துவைத்து, உறங்குமுன் நெருப்பை வெளியே எடுப்பது உள்ளூரார் அறிந்த வழக்கம். குளிருக்கு நடுங்கும் சமவெளிக் குடும்பமோ துண்டைச் சுருட்டிச் சன்னல் இடுக்கையும் அடைக்கிறது. நின்ற காரும் இத்தகைய அறையே. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைவாசத்தலத்தில் பனிப்புயலில் சிக்கிய வாகனங்களுக்குள் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புகைக்குழாயைப் பனி மூடிய நிலையில் வெப்பத்துக்காக என்ஜினை ஓடவிட்டதால் நச்சுவளி உள்ளே திரும்பியிருக்கலாம் என்று அப்போது பரவலாகக் கருதப்பட்டது. அவர்களும் பெரும்பாலும் பனியைப் பார்க்கக் கீழிருந்து வந்த குடும்பங்களே.

காரில் குழந்தை அமரும் இடம் பற்றிய சட்டம் தெளிவானது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைகளுக்கான தனி இருக்கையாலோ பிணைக்காமல் ஓட்டினால் 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. முன்னிருக்கையில் தாத்தா மடியில் நின்றபடி வேடிக்கை பார்த்து வளரும் நம் குழந்தைக்கு இந்தப் பிணைப்பு புதிது என்பதால், வத்தலக்குண்டு வழிக் கொடைக்கானல் சாலையில் ஓரிரு முறை பழக்குவது நல்லது. குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுக்கும் வழக்கத்தையும் அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். பருத்த பஞ்சு மேலங்கியோடு குழந்தையைப் பிணைத்தால், மோதலில் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் பட்டையைக் கட்டி, மேலங்கியை அதன் மேல் போர்த்துவதே முறை. வெண்பனி புறஊதாக் கதிரில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்புவதால் கறுப்புக் கண்ணாடியும் ஒப்பனைப் பொருளாக அன்றித் தேவையாகவே கொள்ளத்தக்கது.

இத்தனைக்கும் பிறகு குழந்தைக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. பெற்றோர் எதிர்பார்க்கும் வியப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிகிறது. அதன்பின் விரல் வலிக்கிறது, காலுறை நனைகிறது. குழந்தை நெடுநாள் நினைவில் வைத்திருப்பது சுரங்கத்தின் விளக்குகளை எண்ணியதும், பேசும்போது வாயிலிருந்து புகை வந்ததுமாக இருக்கக்கூடும். காஷ்மீரில் ஆண்டின் முதல் பனி விழுந்ததும், அதில் ஒரு கட்டியைத் துணியிலோ காகிதத்திலோ மறைத்து ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். தெரியாமல் வாங்கிக்கொண்டவர் கொடுத்தவருக்கு விருந்தளிக்க வேண்டும். ‘நவ் ஷீன்’, அதாவது புதுப்பனி என்னும் இந்த விளையாட்டை விடுதிக்காரரிடம் கேட்டறிந்து ஆடிய குழந்தைக்கு, பனிச்சறுக்குக்குக் கட்டிய கட்டணத்தைவிட அது மிகுதியாகவே தரும்.

உடை வாங்கும் செலவைப் பற்றி இறுதியாக ஒன்றைக் குறிப்பிடலாம். தங்மார்கிலும் மணாலியிலிருந்து சோலாங் செல்லும் வழியிலும் மேலங்கியும் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. குழந்தைகள் அளவில் அவை எப்போதும் சரியாக அமையா என்பதால் காலுறையும் கையுறையும் மட்டும் இரண்டிரண்டு இணையாக ஊரிலிருந்தே கொண்டுசெல்வது போதும். திரும்பி வந்தபின் மதுரையில் அவற்றுக்கு வேலை இல்லை. அடுத்த அரையாண்டு விடுமுறைக்குள் குழந்தையின் கால் வளர்ந்துவிடும், பனி பார்க்கப் புறப்படும் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு அவை பொருந்தும்.